24 வீட்டுப் பணம் யார் கையெழுத்தில் இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன். காரைக்குடியில் 24 ஃப்ளாட் உள்ள கட்டடம். பில்டர் பராமரிப்பை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். வீடு விற்கும்போது வீட்டுக்கு 25,000 வீதம் வாங்கி வைத்திருந்த 6 லட்சத்தையும் தரப்போகிறார். மெயின்டனன்ஸ் மாதம் 1,500 ரூபாய். இதுவரை பழைய பொருளாளரின் சொந்தக் கணக்கில்தான் வசூல் நடந்திருக்கிறது. இப்போது நீங்கள் பொருளாளர். சங்கத்தின் பெயரில் கணக்கு தொடங்க வேண்டும். சேமிப்புக் கணக்கா, கரண்ட் அக்கவுண்ட்டா, எந்த வங்கி, எங்கே வட்டி அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கிளைகள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கட்டடத்தில் 6 வருடம் பொருளாளராக இருந்தேன். கவுண்ட்டருக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வட்டியைக் கடைசியில் பாருங்கள். பணம் யார் கையெழுத்தில் வெளியே போகும், அந்த ஆள் இல்லாத நாளில் என்ன ஆகும் என்பதை முதலில் பாருங்கள். வங்கியின் பெயர், அட்டை, ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கட்டடத்திலேயே பட்டோம். எனக்கு முன்பு பொருளாளராக இருந்த அண்ணன் தங்கமானவர். கட்டடப் பணத்துக்கென்றே தன் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். சொந்தக் காசை அதில் ஒரு ரூபாய்கூடக் கலக்கவில்லை. ஒரு மார்கழி மாதம் விடியற்காலையில் மாரடைப்பு வந்து போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து பதினைந்து நாள் கழித்து அவர் வீட்டு ஆச்சி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பைக்குள் பாஸ்புக், செக் புக், ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு வரி, பணம் வந்த தேதிக்கு நேராகப் பச்சை மையில் ஒரு டிக். கடைசிப் பக்கத்தில் இருப்பு 2,18,460 ரூபாய். பாஸ்புக்கோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை.

ஆனால் அந்தப் பணத்தை எடுக்க முடியவில்லை. வங்கியின் கண்ணில் அது இறந்துபோன ஒரு தனி மனிதரின் பணம். நாமினி போடவில்லை. மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். “தம்பி, இது எங்க காசு இல்லைன்னு எனக்குத் தெரியும். கொடுத்துடணும்னுதான் நிக்கிறேன். பேங்குல என் கையெழுத்து மட்டும் போதாதுங்கிறாக” என்று அந்த ஆச்சி கண்கலங்கியது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் லிஃப்ட் ஒருமுறை நின்றது, வாட்ச்மேன் சம்பளம் இருந்தது, ஈ.பி. பில் வந்தது. வீட்டுக்கு 3,000 ரூபாய் மறுபடி வசூல் பண்ணித்தான் சமாளித்தோம். இரண்டு வீட்டுக்காரர்கள் ‘ஏற்கெனவே கொடுத்த பணம் எங்கே’ என்று கேட்டார்கள். துக்க வீட்டு வாசலுக்குக் கேட்கும்படி கேட்டார்கள். நேர்மையாக இருந்த ஒரு மனிதரின் பெயருக்கு அது நடந்திருக்கக்கூடாது.

அதனால் உங்கள் பழைய பொருளாளர் நல்லவரா, இல்லையா என்ற பேச்சே வேண்டாம். வீட்டுக்கு 1,500 வீதம் 24 வீடு என்றால் மாதம் 36,000, வருடத்துக்கு 4,32,000 ரூபாய் அவருடைய பான் எண்ணில் ஓடுகிறது. நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்குக் கடன் பாக்கி என்று வந்து கணக்கு முடக்கப்பட்டால் உங்கள் பணமும் சேர்ந்து முடங்கும். கணக்கை மாற்றுவது அவருக்கும் நல்லது. இதை அவரிடம் இந்த விதமாகவே சொல்லுங்கள், மனஸ்தாபம் வராது.

சரி, இனி கணக்கின் வகை. இதைத் தீர்மானிப்பது உங்கள் சங்கத்தின் பதிவு.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்த சங்கம் என்றால் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வணிக நிறுவனங்களுக்கும் வணிகம் செய்யும் சங்கங்களுக்கும் சேமிப்புக் கணக்கு கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் சங்கப் பதிவுச் சட்டங்களின் கீழ் பதிவான சங்கங்களுக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. பல கிளைகளில் ‘அசோசியேஷன் என்றால் கரண்ட் அக்கவுண்ட்தான்’ என்று முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்கள். கோபப்படாதீர்கள். பதிவுச் சான்றிதழை மேலே வைத்து, ‘பதிவு பெற்ற சங்கத்துக்கு விலக்கு உண்டே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மேலாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த நாளே பதில் மாறும்.

சிலர் சங்கமாக இல்லாமல் கம்பெனியாகப் பதிவு செய்கிறார்கள். லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனி என்றால் சேமிப்புக் கணக்கு கிடைக்கும். சாதாரண பிரைவேட் லிமிடெட் என்றால் கரண்ட் அக்கவுண்ட் ஒன்றுதான் வழி. 24 வீட்டுக்குக் கம்பெனி என்பது தேவையில்லாத சுமை. வருடா வருடம் தாக்கல், ஆடிட் என்று அதற்கே மெயின்டனன்ஸ் பணத்தில் ஒரு பங்கு போகும். அடுக்ககங்களுக்கென்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் பதிவு அதன் கீழ் மட்டும் என்றால் கிளையில் மேலிடத்தைக் கேட்டுத்தான் சொல்வார்கள், ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பதிவே செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். பதிவில்லாத குழுவுக்கும் தீர்மானத்தின் பேரில் கணக்கு கொடுக்கும் வங்கிகள் உண்டு, ஆனால் நிர்வாகிகள் மாறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கரண்ட் அக்கவுண்ட்டில் வட்டி கிடையாது. அதோடு குறைந்தபட்ச இருப்பு கூடுதலாகக் கேட்பார்கள், குறைந்தால் அபராதம் போடுவார்கள். ஒரு நாளில் நூறு செக் போடுகிற கடைக்காரருக்கு அது சரி. உங்கள் கணக்கில் மாதத்துக்கு 24 வரவும் பத்துப் பன்னிரண்டு செலவும்தான் இருக்கப்போகிறது. சேமிப்புக் கணக்கே போதும். 2025-இல் பல பொதுத்துறை வங்கிகள் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை எடுத்துவிட்டன. அது சங்கங்களின் கணக்குக்கும் பொருந்துமா என்பதை மட்டும் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் ‘கணக்கை இயக்கும் முறை’ என்று ஒரு கட்டம் இருக்கும். படிவம் பூர்த்தி செய்யும் அவசரத்தில் அதில் ‘பொருளாளர் மட்டும்’ என்று எழுதிவிட்டு வருகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் ‘மூவரும் கூட்டாக’ என்று எழுதுவார்கள். முதலாவதில் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவதில் தலைவர் மகளைப் பார்க்க மெல்போர்ன் போனால் ஆறு மாதம் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. நம் ஊரில் இது சாதாரணமாக நடப்பது. ஃப்ளாட் வாங்கியவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், பேறுகாலம், பள்ளி விடுமுறை என்று போய்வருவார்கள். அதனால் மூன்று பேர் பெயர் கொடுங்கள், எவரேனும் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள். முடிந்தால் நான்காவதாகத் துணைத்தலைவரையும் சேர்த்து ‘நால்வரில் இருவர்’ என்று வைத்தால் இன்னும் நல்லது.

கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே வீட்டார் இருவர் கையெழுத்தாளர்களாக இருக்கக்கூடாது. இதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். அப்போது யாரையும் குறிவைத்ததாக ஆகாது.

தீர்மானம் எப்படி எழுதுவது என்று பலரும் திணறுவார்கள். நாங்கள் எழுதியது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “சங்கத்தின் பெயரில் காரைக்குடியிலுள்ள (வங்கி, கிளை) சேமிப்புக் கணக்கு தொடங்கவும், அக்கணக்கையும் அதன் தொடர்பான வைப்புகளையும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்கவும், இணைய வங்கிச் சேவையில் ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் முறையை மட்டுமே பெறவும், பதவி விலகியவரின் கையெழுத்து அதிகாரம் புதிய தீர்மானத்தின் நகல் வங்கிக்குக் கிடைத்த நாள் முதல் நீங்கவும் இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.” இதன் கீழே இப்போதைய மூவரின் பெயரும் பதவியும். கூட்டத்துக்கு வந்தவர்கள் மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதன் உண்மை நகலில் தலைவரும் செயலாளரும் சங்க முத்திரையோடு கையெழுத்திட்டுக் கொடுத்தால் வங்கி ஏற்கும்.

தேர்தல் வந்து நிர்வாகிகள் மாறும்போதுதான் அடுத்த சிக்கல். மூவரும் ஒரே நாளில் மாறினால், பழையவர் கையெழுத்து செல்லாது, புதியவர் கையெழுத்து வங்கியில் ஏறவில்லை என்று நடுவில் ஒரு வெற்றிடம் விழும். அடையாளத்தையும் முகவரியையும் காட்டும் கே.ஒய்.சி காகிதங்கள், பதிவாளர் அலுவலகத்தில் புதிய நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்த அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். எங்கள் சங்கத்தில் ஒரு வருடத்தில் ஒருவர் அல்லது இருவர்தான் மாற வேண்டும் என்று துணைவிதியில் வைத்தோம். நகரத்தார் கோயில்களில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் மாறும்போது கணக்கையும் பெட்டிச் சாவியையும் கையோடு ஒப்படைக்கிற வழக்கத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொதுவான வீட்டில் யார் வெள்ளையடித்தது, யார் பங்கு பாக்கி என்று தலைமுறை தலைமுறையாகப் பேரேடு வைத்த ஊர் இது. அதே ஒழுங்கை ஃப்ளாட்டுக்கும் கொண்டுவந்தால் போதும்.

வெற்றுச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைக்கும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். ‘நான் சென்னை போகிறேன், பத்து லீஃபில் போட்டு வைத்திருக்கிறேன்’ என்று நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். அந்த நிமிடமே இரண்டு கையெழுத்து என்பது ஒரு கையெழுத்தாகிவிடுகிறது. செக் புக் பொருளாளரிடமும் ரப்பர் ஸ்டாம்ப் செயலாளரிடமும் இருக்கட்டும்.

இணைய வங்கிக்கும் இதே கதைதான், கொஞ்சம் நுணுக்கமாக. செக்கில் இரண்டு கையெழுத்து வைத்துவிட்டு, நெட் பேங்கிங்கில் ஒருவருக்கே முழு அதிகாரம் வாங்கிக்கொண்டால் முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த மாதிரி. வங்கிகள் நிறுவனங்களுக்குத் தரும் இணையச் சேவையில் ‘மேக்கர், செக்கர்’ என்று இரண்டு நிலை உண்டு. ஒருவர் தொகையையும் பெறுபவரையும் பதிவு செய்வார், இன்னொருவர் தன் வீட்டிலிருந்தே பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும். கிளையில் கேட்க வேண்டிய கேள்வி இது: சங்கத்தின் சேமிப்புக் கணக்குக்கு இந்த இரண்டு நிலைச் சேவை கிடைக்குமா? மாதக் கட்டணம் உண்டா? சில வங்கிகளில் இது கரண்ட் அக்கவுண்ட்டுக்கு மட்டும் கிடைக்கும். கூட்டாக இயங்கும் சேமிப்புக் கணக்குக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை மட்டும் தருவார்கள். அப்படி என்றால் அந்தக் கிளையை விட்டுவிட்டு அடுத்த வங்கியைப் பாருங்கள். தலைவர் சென்னையில் இருந்தாலும் லிஃப்ட்காரருக்குப் பணம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ஏ.டி.எம் கார்டு கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கணக்கில் பதிவு செய்யும் மொபைல் எண் யாருடையது என்பதும் சின்ன விஷயமில்லை. எங்களுக்கு அடுத்த தெருக் கட்டடத்தில் முன்னாள் செயலாளரின் எண் மூன்று வருடம் மாறாமலே இருந்தது. கணக்கில் நடப்பதெல்லாம் அவருக்குத்தான் எஸ்.எம்.எஸ் போனது, அவரோ ஃப்ளாட்டை விற்றுவிட்டு திருச்சியில் குடியேறிவிட்டார். சங்கத்துக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கிவிடுங்கள். பதவி மாறும்போது பாஸ்புக், செக் புக்கோடு அந்த சிம்மும் கை மாறட்டும்.

எந்த வங்கி என்ற கேள்விக்கு நம் ஊரில் உடனே பாசம் வந்துவிடும். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நம் மண்ணுக்காரர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் உண்டாக்கியது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கணக்கு தொடங்கப் பெருமையைக் காரணமாக வைக்கவேண்டாம். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு சேர்ந்துவிட்டது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள்ளும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள்ளும் போயின. வங்கிப் பெயர் நம் கையில் இல்லை. கிளை நம் கையில் இருக்கிறது.

நான் பார்ப்பது இவ்வளவுதான். கட்டடத்திலிருந்து நடந்தோ, ஐந்து நிமிட வண்டியிலோ போகிற தூரம். பாஸ்புக் பதிய இயந்திரம் வேலை செய்ய வேண்டும். சங்கக் கணக்குகளை முன்பே கையாண்ட கிளையாக இருந்தால் நல்லது. செக்காலை ரோட்டிலும் கல்லுக்கட்டிப் பக்கமும் பொதுத்துறை, தனியார் இரண்டும் இருக்கின்றன. ஒரு காலைப் பொழுதில் மூன்று கிளைக்குப் போய்ப் பதிவுச் சான்றிதழைக் காட்டி அதே கேள்விகளைக் கேட்டுவிடலாம். பதில் சொன்ன விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். தனியார் வங்கியில் கணக்கு சீக்கிரம் திறப்பார்கள், ஆளே வீட்டுக்கு வந்து காகிதம் வாங்கிப்போவார். ஆனால் அவர் அடுத்த வருடம் அந்தக் கிளையில் இருக்கமாட்டார், கட்டணங்களையும் நீங்கள்தான் விழிப்பாகப் பார்க்க வேண்டும். பொதுத்துறை வங்கியில் தொடக்கத்தில் இழுக்கும், ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு தொல்லை குறைவு. 24 வீட்டுச் சங்கத்துக்கு நான் பொதுத்துறை வங்கியைத்தான் சொல்வேன், மேலே சொன்ன இரண்டு நிலை இணையச் சேவை கிடைக்கும் என்றால்.

வட்டியைப் பற்றிக் கேட்டீர்களே. பெரிய பொதுத்துறை வங்கிகளில் சேமிப்பு வட்டி இப்போது இரண்டரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. உங்கள் சேமிப்புக் கணக்கில் சராசரியாக 1 லட்சம் நிற்கும் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,500 ரூபாய். வேறு வங்கியில் அரை சதவீதம் கூடுதல் என்றால் 500 ரூபாய் கூடும். வீட்டுக்கு வருடம் 21 ரூபாய். அதற்காக ஊருக்கு வெளியே இருக்கும் கிளைக்கு அலைய வேண்டாம்.

வசூல் முறையைக் கணக்கு தொடங்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். சங்கக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டையை வங்கியிடமே கேட்டு வாங்கி, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக் கட்டணம் கிடையாது, 1,500 அனுப்பினால் 1,500 வந்து சேரும். யார் அனுப்பியது என்று தெரியாமல் தவிப்பதுதான் பொருளாளர்களின் மாதாந்தர வேதனை. ஃப்ளாட் மருமகன் பெயரில் இருக்கும், பணம் மாமனார் அனுப்புவார், பாஸ்புக்கில் ஒரு நீள எண் மட்டும் வரும். நாங்கள் செய்த வழி: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பைசா. 7-ஆம் எண் வீடு 1,500.07, 18-ஆம் எண் வீடு 1,500.18. முதல் மாதம் எல்லாரும் விசித்திரமாகப் பார்த்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தவுடனே பாக்கி வீடு தெரிந்துவிட்டது. பெரிய சென்னை அடுக்ககங்கள் மாதிரி கட்டண ஆப் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் அங்கிருந்து நேரடியாக சங்கக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். இந்தியாவில் அவர்களுக்கு இருக்கும் என்.ஆர்.ஓ கணக்கிலிருந்து (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்கு) ரூபாயாக அனுப்பச் சொல்லுங்கள். சங்கத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது என்ற விசாரணைக்கே இடம் இருக்காது. ஒரு வருட மெயின்டனன்ஸை மொத்தமாக அனுப்பினால் அவர்களுக்கும் நிம்மதி.

ரொக்கமாகக் கொடுக்கும் பெரியவர்கள் எப்போதும் இருப்பார்கள். வாங்குங்கள், ரசீது கொடுங்கள், அதை அப்படியே வங்கியில் கட்டுங்கள். வசூலான ரொக்கத்திலிருந்தே தண்ணீர் லாரிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டினால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. சில்லறைச் செலவுக்கு மாதம் 3,000 ரூபாய் செக் போட்டு எடுத்து, தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த 6 லட்சத்துக்கு வருவோம். பில்டரிடமிருந்து அதைச் சங்கத்தின் பெயருக்குச் செக்காகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் வாங்குங்கள். வந்ததும் சேமிப்புக் கணக்கில் கிடக்க விடாதீர்கள், நிரந்தர வைப்பில் (எஃப்.டி) போடுங்கள். வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரியிலிருந்து இந்த வரம்பு. ஒரே வங்கியின் வேறு வேறு கிளையில் பிரித்தாலும் ஒன்றாகவே எண்ணுவார்கள். அதனால் 3 லட்சம் உங்கள் வங்கியிலும் 3 லட்சம் இன்னொரு வங்கியிலும் போடுங்கள். ஒரு வங்கியில் கே.ஒய்.சி, கையெழுத்துத் தகராறு என்று ஏதாவது நின்றாலும் மற்றது கைகொடுக்கும் என்பதும் ஒரு காரணம். ஒவ்வொரு 3 லட்சத்தையும் ஒரே ரசீதாகப் போடாமல் 1 லட்சம் வீதம் மூன்றாகப் போட்டால், திடீரென்று மோட்டார் எரிந்துபோனால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, ‘தெரிந்த பைனான்ஸில் 12 சதவீதம் தருகிறார்கள்’ என்பார். வட்டித் தொழிலில் பிறந்து வளர்ந்த ஊர், இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நிதி நிறுவனத்துக்கும் சீட்டுக்கும் அந்த 5 லட்சக் காப்பீடு கிடையாது. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் கிடையாது. நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. சொந்தப் பணம் என்றால் அவரவர் விருப்பம். ஓய்வூதியத்தில் ஃப்ளாட் வாங்கிய ஒரு ஆசிரியரின் பங்கும் இதில் இருக்கிறது, அதை வைத்து யாரும் சோதனை பண்ணக்கூடாது. பொருளாளராக நீங்கள் எழுந்து மறுக்க வேண்டிய இடம் இது.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கத்தின் பெயரில் பான் கார்டு வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் கணக்கே நகராது. உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போடும் மெயின்டனன்ஸ் பணத்துக்கு வருமான வரி இல்லை. வங்கி வட்டிக்கு அந்தச் சலுகை பொருந்தாது, பெங்களூர் கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம் இது. உங்கள் 6 லட்சத்துக்கு ஆறரை சதவீதம் என்று வைத்தால் வட்டி 39,000 வரும். ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 தாண்டினால்தான் டி.டி.எஸ் என்று வட்டியிலேயே வரியைப் பிடிப்பார்கள். பிடிக்காததால் வரி இல்லை என்று அர்த்தமாகாது, ரிட்டர்ன் தாக்கல் பற்றி ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி-க்கு உறுப்பினருக்கு மாதம் 7,500 வரை விலக்கு இருப்பதால் 1,500 ரூபாய்க்கு அந்தக் கவலை வேண்டாம்.

வங்கிக்குப் போகும்போது மூன்று கையெழுத்தாளர்களும் ஒன்றாகப் போங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியக் கூட்டம் இருக்கும், அதைத் தவிர்த்து நடு மாதத்தில் ஒரு நாள் காலை பத்தரைக்குப் போனால் மேலாளர் உட்கார்ந்து பேசுவார். பதிவுச் சான்றிதழ், துணைவிதி, தீர்மான நகல், சங்க பான், மூவரின் ஆதாரும் பானும் இரண்டிரண்டு போட்டோவும், ரப்பர் ஸ்டாம்ப். அசல்களையும் கையில் வைத்திருங்கள். மாதிரிக் கையெழுத்து அட்டையில் மூவரும் செக்கில் எப்படிப் போடுவார்களோ அப்படியே போட வேண்டும். ஆங்கிலத்தில் போட்டுப் பழகியவர் அன்றைக்கு மட்டும் அழகாகத் தமிழில் போட்டால் முதல் செக்கே திரும்பும். படிவத்தில் கணக்கை இயக்கும் முறை என்ன எழுதியிருக்கிறது என்று கணினியில் ஏற்றிய பிறகும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பாஸ்புக் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படம் எடுத்து, கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி எண்ணோடு கட்டட வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பழைய பொருளாளரிடம் இருக்கும் இருப்பு அந்த வாரமே செக்காக வந்து சேரட்டும், அவருக்குச் சங்கத்தின் ரசீது கொடுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் பதிந்த பாஸ்புக் பக்கத்தை அதே குழுவில் போட்டுவிடுங்கள்.

இரண்டு நிலை இணையச் சேவை கேட்டபோது கிளையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.